எண்பத்தேழில் ஒரு பங்கு

அசையக் கூடாது. கை அசைந்தால் கதவு சாய்ந்துவிடும், சாய்ந்தால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பவுடரைக் குழைக்க வேண்டும், அதற்குள் கீழே அண்ணன் வள்ளிமுத்து மத்தியானத் தூக்கம் கலைந்து படியேறி வந்துவிடுவான். தவசி இடுக்கியின் நுனியில் அந்த ரயில்வே கேட்டைப் பிடித்தபடி மேஜைக்கு மேல் வளைந்து நின்றார். சுண்டுவிரல் நீளம்கூட வராத கேட். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, நடுவில் குண்டூசித் தலையில் ஒரு வட்டம் வைத்து, திறந்தபடி நிற்க வேண்டிய கேட். ஒட்டுவதற்கு, பிழைப்புக்கு அவர் செய்கிற பல் செட்டுக்கு ஊற்றுகிற அதே பவுடர், அதே லிக்விட். மூக்கைத் துளைக்கிற அந்த நெடி அவருடைய சட்டையில், சோற்றில், பெண்டாட்டி உயிரோடு இருந்த காலத்தில் அவளுடைய தலையணையில்கூட ஏறியிருந்தது. குழைத்ததும் மாவு மாதிரி இருக்கும், பிறகு நூல் நூலாக இழுக்கும், பிறகு திடீரென்று சுடும். சூடு வந்து அடங்கினால் இறுகிவிட்டது என்று அர்த்தம். அதுவரை பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். பிடித்துக்கொண்டு நிற்பது தவசிக்குப் புதிதில்லை. கொஞ்சம் பிடிடே. எங்கிருந்தோ அந்தக் குரல் வந்தது. வேண்டாம், இப்போது வேண்டாம், கை நடுங்கும். வேறு எதையாவது நினைக்க வேண்டும். மாடியறை முழுக்க வெயில். ஜன்னல் ஓரத்தில் பெருமாள்புரத்துக் காக்கை ஒன்று நின்று அறைக்குள் எட்டிப் பார்த்தது. மேஜை கட்டில் அளவுக்குப் பெரியது, அதன்மேல் தண்டவாளம் முட்டை வடிவத்தில் ஓடியது, பச்சைத் தூள் தூவிய புல், ரப்பர் நாரில் செய்த மரம், எல்லாம் வள்ளிமுத்துவின் மகன் ஜெர்மனியிலிருந்து பெட்டி பெட்டியாக அனுப்பியவை. ரயிலில் கார்டு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவனுக்கு வீட்டிலும் ரயில் வேண்டியிருக்கிறது. எத்தனை வருஷம் ஓடியும் ஆசை அடங்கவில்லை. தவசி வாயில் எப்போதும் ‘அண்ணே, நீங்க’தான். மனசுக்குள் அவன், இவன். வாய் வேறு, மனசு வேறு என்று வைத்துக்கொண்டே ஒரு ஆயுசை ஓட்டிவிட முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

ரயிலோடு மகன் அனுப்பிய வீடுகள் எல்லாம் அந்த ஊர் வீடுகள். செங்குத்துக் கூரை, புகைபோக்கி, ஒன்றில் கூரைமேல் பனிகூட அப்பியிருந்தது. திருநெல்வேலி வெயிலில் பனி. வள்ளிமுத்து கொஞ்ச நாள் அந்த வீடுகளுக்கு நடுவே ரயிலை ஓட்டிப் பார்த்துவிட்டு, இது நம்ம லைனு இல்லியே என்று அலுத்துப் போய் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினான். ‘நீ பல்லு செய்யிற கை உள்ளவன்டே. நம்ம ஊரு கட்டடமா செஞ்சு தா.’ அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் கூட்ஸ் ஷெட், பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு ஸ்டேஷன், பிளாட்பாரத்து வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார். நிஜத்தில் எண்பத்தேழு அடி என்றால் இங்கே ஒரு அடி, அவ்வளவுதான் கணக்கு, அதற்குப் படிப்பு வேண்டாம். ஓடு வேய மெழுகுத் தகட்டில் சீப்பால் கோடு இழுத்து அச்செடுத்தார். ஈறு நிறத்துப் பவுடரில் கொஞ்சம் காவி கலந்தால் பழைய ஓட்டின் நிறம் அப்படியே வந்தது. ஒவ்வொன்றையும் செய்து கொண்டுவந்து வைக்கும்போது வள்ளிமுத்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு எதையாவது சொல்லிச் சிரிப்பான். அப்பா கேட்கீப்பராக இருந்த கேட் வீட்டை முதலில் செய்து கொண்டுவந்தபோது சிரித்ததுதான் பெரிய சிரிப்பு. வாசல்படிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் பொம்மையை நிறுத்திப் பார்த்தான், ஆள் வாசல் நிலைக்குப் பாதிகூட வரவில்லை. ‘என்னடே இது, கேட்கீப்பர் வீடா, நெல்லையப்பர் கோயில் கோபுர வாசலா? நீ சின்னப் பயலா இருந்து அண்ணாந்து பாத்த கணக்குல செஞ்சுட்ட பாரு!’ என்று மதினியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். தவசியும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குப் போய்ச் சுத்தியலால் ஒரே போடு. ஆனால் அவன் சொன்னது சரிதான், அதுதான் எரிந்தது. அந்த வீட்டை தவசி நிமிர்ந்து நின்று பார்த்ததே கிடையாது. நிமிர்ந்து நிற்கிற வயது வருவதற்குள் அங்கிருந்து துரத்திவிட்டார்கள்.

சூடு இன்னும் வரவில்லை. லிக்விட் பழசோ. பழசானால் இறுக நேரமாகும். முதுகு வலித்தது. முதுகு வலித்தால் வலிக்கட்டும், அவனுக்கு வலிக்கப் போவதை நினைத்தால் இது என்ன வலி. வள்ளிமுத்துவின் பல்லையும் தவசிதான் செய்தார். மேல் வரிசை, கீழ் வரிசை, முழு செட். அண்ணனுக்கு என்று நல்ல பல்லாகத் தேர்ந்தெடுத்து, பளபளவென்று தேய்த்து, கடைசியில் வலதுபக்கக் கடைவாயில் ஒரு இடத்தை மட்டும் அரத்தால் தொடாமல் விட்டார். முடி அகலம்தான். கண்ணுக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, மெல்லுகிறவனுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் அந்த இடம் முதலில் இடிக்கும். முறுக்கு கடிக்க முடியாது, கறி மெல்ல முடியாது, சாயங்காலமானால் காதுப்பக்கம் வலிக்கும். ‘பழகணும்ணே, கொஞ்ச நாள்ல பழகிரும்’ என்று தவசி சொன்னார். ஐந்து வருஷமாக அவன் பழகிக்கொண்டிருக்கிறான். தீபாவளிக்கு மதினி அதிரசத்தைப் பாலில் ஊறப்போட்டுக் கொடுக்கும்போது எதிரே உட்கார்ந்து தவசி தன் பங்கு அதிரசத்தைக் கறுக்கென்று கடித்துத் தின்பார். அது ஒரு சந்தோஷம். சின்னச் சந்தோஷம். முடி அகலச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் ஓட்டுவது? இன்றைக்கு அவன் முகம் உடைய வேண்டும். கேட்டைப் பார்க்க வேண்டும், கவிழ்ந்த வண்டியைப் பார்க்க வேண்டும், சுவருக்குப் பின்னால் கிடக்கிற நுங்கைப் பார்க்க வேண்டும், பார்த்ததும் தம்பிக்குத் தெரியும், தம்பிக்கு இத்தனை வருஷமும் தெரியும் என்று அவனுக்கு உறைக்க வேண்டும். வாயைத் திறந்து ‘நான்தான்டே’ என்று ஒரு சொல். வேறொன்றும் வேண்டாம். சொல்லிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும் சரிதான். விழட்டும். ஆனால் சொல்லிவிட்டு விழ வேண்டும். சொல்லாமல் விழுந்துவிட்டால் அதைவிட மோசம் ஒன்றும் இல்லை, சொல்லாமலே செத்தவனை எங்கே போய்ப் பிடிப்பது, அப்பா அப்படித்தான் போனார்.

அப்பாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். கேட் வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு கிடந்தார். சாவியை எடுத்து மூத்தவன் கையில் கொடுத்து, ‘பாசஞ்சர் வர்ற நேரம், கேட்ட சாத்தி வச்சுக்கோ, எவன் கேட்டாலும் தொறக்காத’ என்றார். தவசி அடுப்படியில் உட்கார்ந்து சுக்கைத் தட்டிக்கொண்டிருந்தான். ஐந்தாம் வகுப்பு முடிந்த லீவு. சுக்குத் தூள் மூக்கில் ஏறி ஒரே தும்மல். வெளியே வண்டிச் சத்தம், ஒருவன் கெஞ்சுகிற சத்தம், கேட் கிறீச்சென்று திறக்கிற சத்தம், எல்லாம் தும்மலுக்கு நடுவில் கேட்டது. பிறகு சுவருக்குப் பின்னால் நுங்கு சீவுகிற சத்தம். சரக், சரக். ஒரு வண்டியைத் தாண்டவிட்டதற்கு ஒரு குலை நுங்கு. அடுத்த வண்டியும் பின்னாலேயே வந்தது, இவன் நுங்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான், கேட் திறந்தே கிடந்தது. என்ஜின் ஊதியது, ஊதிக்கொண்டே இருந்தது, அதன் பிறகு அந்தச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு ஒரு பெயர் கிடையாது. மாடு கத்தியது, மனுஷன் கத்தினானா என்று நினைவில்லை, ஆனால் மாடு கத்தியது நன்றாக நினைவிருக்கிறது. தவசி குழவியைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தபோது எதிரே வள்ளிமுத்து ஓடி வந்தான். மோவாயில் நுங்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ‘கொஞ்சம் பிடிடே’ என்றான். தவசி கையை நீட்டினான். வலது கையா, இடது கையா? சுக்குத் தூள் ஒட்டியிருந்தது வலது கை, ஆகவே இடது கையாகத்தான் இருக்கும், இல்லை, இரண்டு கையையும் சேர்த்துத்தான் நீட்டினான், பிரசாதம் வாங்குகிற மாதிரி. சாவி சூடாக இருந்தது. அது மட்டும் நிச்சயம். அண்ணன் ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்வதுதானே தம்பிக்கு வழக்கம். போர்வையோடு அப்பா வெளியே வந்தார். தண்டவாளத்தைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், தவசியின் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். கொடிக் கம்பை எடுத்தார். வள்ளிமுத்து தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தான். அடி வாங்குகிறவனைவிடச் சத்தமாக அழுதான். வண்டிக்காரனுக்கு ஒரு கால் போயிற்று. அப்பா சஸ்பெண்டு ஆகித் திரும்ப வேலையில் சேர்ந்தார். அதற்குள் தவசியை நாகர்கோயிலில் ஒரு பல் டாக்டர் வீட்டில் எடுபிடிக்கு விட்டுவிட்டார்கள். படிப்பு அதோடு சரி. சாகும்வரை அப்பா தவசியின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் வாயில் பால் ஊற்றும்போதுகூட தலையைத் திருப்பிக்கொண்டார். அல்லது தலை தானாகச் சாய்ந்ததோ. இல்லை, திருப்பிக்கொண்டார்.

சூடு வந்தது. இடுக்கி வழியாக விரல்வரை வந்தது. தவசி மூச்சை விட்டார். அப்போது படியில் கொலுசு இல்லாத, செருப்பு இல்லாத, கனத்த காலடி. மதினிதான். தவசி இடுக்கியை எடுத்துவிட்டுச் சட்டென்று கேட்டுக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றார். சண்முகவடிவு மதினி வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

“அய்யய்ய, என்ன நாத்தம் தம்பி! ரயிலு ஓட்டுற வீடா, பல்லாஸ்பத்திரியா?”

“முடிஞ்சிட்டு மதினி. சன்னலத் தொறந்து வச்சா போயிரும்.”

“உங்க அண்ணன் ரெண்டு நாளா ஒழுங்காத் தூங்கல. கேட் வீடு வருது, கேட் வீடு வருதுன்னு பச்சப் பிள்ள மாதிரி. இப்பத்தான் கொஞ்சம் அசந்தாவ. கேட்டியளா, அந்தப் பழைய சங்கதி எதையும் கெளறிராதிய. நெஞ்சுக்கு அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டரு அவ்வளவு சொல்லியிருக்காரு.”

“எந்தச் சங்கதி மதினி?”

மதினி அவரை ஒரு தரம் பார்த்தாள். இரக்கமான பார்வை. ஏன் இரக்கம், யாருக்கு இரக்கம் என்று தவசிக்குப் பிடிபடவில்லை. “ஒண்ணுமில்ல. மோர் குடிக்கேளா? மத்தியானம் வச்சது கெடக்கு” என்றாள்.

“வேண்டாம்.”

கெடக்கு. இந்த வீட்டில் தவசிக்கு எப்போதும் கிடப்பதுதான் கிடைக்கும். அவள் கெட்டவள் இல்லை, அதுதான் தொந்தரவு. கெட்டவளாக இருந்தால் அவள் தாலியை நினைத்து ஒரு நொடி தயங்க வேண்டியிருக்காது. ஒரு நொடி தயங்கினார். பிறகு, நெஞ்சுக்கு அதிர்ச்சி கூடாதாமே, நல்லது, அப்படியானால் நெஞ்சில் உறைக்கும் என்று அர்த்தம், என்று அந்தத் தயக்கத்தையே தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டார். அவள் இறங்கிப் போனதும் டப்பாவைத் திறந்து வண்டியை எடுத்தார். சக்கரம் ஒன்று கழன்ற வண்டி. தண்டவாளத்துக்கு வெளியே கவிழ்த்து வைத்தார், நாளைக்கு ரயில் ஓடினாலும் இடிக்காது. ஒரு மாடு முழங்காலில் நின்றது, ஒரு மாடு விலாப்புறமாகச் சாய்ந்து கிடந்தது, அதன் வயிற்றுக்குக் கீழே தூரிகை நுனியால் தொட்டு வைத்த சிவப்பு. வண்டிக்காரனை வைக்கவில்லை. வைக்கத்தான் செய்தார், காலை ஒடித்துத்தான் செய்தார், பிறகு அது வேறு கணக்கு என்று எடுத்துவிட்டார். கடைசியாக நுங்கு. கடுகுதான் நுங்கு. பிளேடால் தலையைச் சீவி, உள்ளே பிளாஸ்டரில் வெள்ளைப் பொட்டு வைத்த கடுகுகள், உறிஞ்சிப் போட்டவை. கேட் வீட்டின் பின்சுவர் ஓரம், வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒவ்வொன்றாக வைத்தார். அந்த இடத்தில் நுங்கு கிடந்தது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் தின்றவன். மற்றவன் சத்தத்தைக் கேட்டவன். தின்றவன் இதை மறுக்க முடியாது. எப்படி மறுப்பான்? ஏதுடே நுங்கு என்பானா? அப்படிச் சொன்னால் சரக் சரக் என்று அந்தச் சத்தத்தைச் செய்து காட்ட வேண்டும். மோவாயில் வழிந்த தண்ணீரைச் சொல்ல வேண்டும். முதலில் எதைச் சொல்வது? சாவியையா, நுங்கையா? இத்தனை வருஷம் மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு, இப்போது தொண்டைக்கு வரும்போது எது முதல் எது கடைசி என்று தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. அவன் சொல்லாமல் முந்திச் சொல்லக் கூடாது. அவன் பார்க்கட்டும். பார்த்து அவனாக உடையட்டும். கீழே இருமல் சத்தம். கட்டில் சத்தம். ‘வந்தாச்சாடே?’ என்ற குரல்.

வள்ளிமுத்து கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தான். வேட்டி ஒரு பக்கம் இறங்கியிருந்தது, தூங்கிய கன்னத்தில் தலையணை வரி. நேரே மேஜைக்கு வந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தான். தவசி அவனுடைய தாடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ தாடைகளைப் பார்த்தவர், மனுஷன் பொய் சொல்லப் போகும்போது எந்த இடம் முதலில் இறுகும் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடி கூரைமேல் போயிற்று, வாசலுக்குப் போயிற்று, கேட்டுக்கு வந்து நின்றது. நின்றது. பிறகு மாட்டுக்கு. வள்ளிமுத்துவின் வலது கை மெள்ள மேலே போய் நெஞ்சுக்கு நடுவில் படிந்தது. அப்படித்தான், அப்படித்தான், என்று தவசிக்குள் எதுவோ குதித்தது, இன்னும் பாரு, பின்னால பாரு. சொல்லி வைத்தாற்போல் கண்ணாடி பின்சுவருக்குப் போயிற்று. வள்ளிமுத்துவின் தோள் குலுங்கியது.

“நுங்கு” என்றான்.

“ஆமா.”

“நுங்குகூட வச்சிருக்கியேடே.” கண்ணிலிருந்து தண்ணீர் பூதக்கண்ணாடிமேல் சொட்டியது. “வடிவு! வடிவு! இங்க வாயேன், ஓடியாயேன்.”

மதினி மூச்சிரைக்க ஏறி வந்தாள். வள்ளிமுத்து அவள் கையைப் பிடித்து மேஜையருகே இழுத்தான்.

“பாரு. நான் ஒன்கிட்ட சொல்லியிருக்கேம்லா, இவன் நுங்குக்கு ஆசப்பட்டு கேட்டத் தொறந்து விட்டுட்டான்னு. அங்கன பாரு, சொவத்துக்குப் பின்னால. உறிஞ்சிப் போட்டது அப்படியே கெடக்கு. அவனே செஞ்சு வச்சிருக்கான். தான் செஞ்ச தப்ப தன் கையால செஞ்சு, கொண்டாந்து, என் முன்னால வைக்கணும்னா எவ்வளவு பெரிய மனசு வேணும்!”

தவசி தாடையைப் பார்த்தார். இறுகவில்லை. கண்ணைப் பார்த்தார். பச்சைக் குழந்தை கண் மாதிரி கழுவிவிட்டாற்போல் இருந்தது. பொய் சொல்கிறவன் என்றால் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். இவன் பொய் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி, பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் ரயிலில் கூட வந்தவர்களுக்கும் எத்தனையோ தரம் சொல்லி, சொன்னதையே கண்ணால் கண்டவனாக ஆகிவிட்டான். தவசிக்குச் சுவருக்குப் பின்னால் கேட்ட சத்தம்தான் இருந்தது. அவனுக்கோ முழுக் காட்சியே இருந்தது, தம்பி நுங்கு தின்கிற காட்சி.

“அண்ணே, சாவி…” என்று தவசி ஆரம்பித்தார். “சாவிய அப்பா உங்க கையிலதான தந்தாரு.”

“ஆமாடே.” வள்ளிமுத்து தலையை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே அழுதான். “என் கையிலதான் தந்தாரு. நான்தான் ஒன்கிட்ட குடுத்துட்டு வெளையாடப் போயிட்டேன். சின்னப் பயகிட்டக் குடுத்திருக்கலாமா? அது என் தப்புதான். அத நெனச்சு நான் எத்தன நாளு அழுதிருக்கேன், கேளு இவகிட்ட. அப்பா ஒன்ன அடிச்ச அடி ஒவ்வொண்ணும் என் மேல விழுந்த மாதிரித்தான்டே இருந்துது.”

“அவுக அத எப்பமோ மறந்து மன்னிச்சாச்சு தம்பி” என்றாள் மதினி. அதே இரக்கமான பார்வை. “நீங்கதான் மனசுல வச்சிக்கிட்டு வேத்தாளு மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போறிய. ஒரு நாளும் இந்த வீட்டுல உங்களத் தப்பா ஒரு சொல்லு சொன்னதில்ல.”

வள்ளிமுத்து தம்பியின் தோளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டான். தூங்கி எழுந்த வாய் நாற்றம், தைலம், வியர்வை. தவசியின் கைகள் தொங்கின. தள்ளிவிட வேண்டும், கத்த வேண்டும், நுங்குத் தண்ணீர் ஒன் மோவாயிலதான்டா வழிஞ்சுது என்று கத்த வேண்டும். கத்தினால் என்ன? பாவம், இன்னும் ஒத்துக்கொள்ள மனசில்லை என்பார்கள். அதையும் மன்னிப்பார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டியவனின் நெஞ்சு தவசியின் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, நிம்மதியாக, டக் டக்கென்று ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

வள்ளிமுத்து விலகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி சுவிட்சைத் திருகினான். ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது, கூட்ஸ் ஷெட்டைத் தாண்டியது, திறந்து கிடந்த கேட்டைத் தாண்டியது, மறுபடி சுற்றி வந்தது.

“எல்லாம் சரி. ஒரே ஒரு கொறதான்” என்றான். “இதுல நீ இல்லியேடே. கேட்டுப் பக்கத்துல ஒரு சின்னப் பயல நிறுத்திரு. கையில நுங்கோட. பேரப்பிள்ளைய வந்தா காட்டி, இதான் ஒங்க சின்னத் தாத்தான்னு சொல்லணும்லா.”

“கால்சட்ட போட்டு வையுங்க தம்பி, அழகா இருக்கும்” என்றாள் மதினி.

“செஞ்சிரலாம்ணே” என்றது தவசியின் வாய்.

சொன்ன பிறகு கை தன்பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பையன் என்றால் ஒரு நகம் உயரம் வரும். மெழுகில் பிடித்து அச்செடுக்கலாம். கால்சட்டை வரும், மெலிந்த இரண்டு கால் வரும், நீட்டிய கை வரும், கையில் ஒரு கடுகு நிற்கும். கண்ணுக்கு இரண்டு புள்ளி தொட்டு வைக்கலாம். வாய் வராது. ஊசி முனையால் கீறினால்கூட அவ்வளவு சின்னத் தலை இரண்டாகப் பிளந்துவிடும்.